மறைமலையடிகள்: சித்தாந்தக் கல்வியும் வாழ்வியல் நெறியும்

முன்னுரை

மறைமலையடிகளைத் (1876–1950) தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்னும் அடையாளத்துள் அடக்கிவிடுவது வழக்கமாகியுள்ளது. எனினும் அவர்தம் துறவு, உடல்நலச் சிந்தனை, சீர்திருத்தக் கருத்து ஆகியவற்றை இணைத்து நோக்குவதற்கு அவர் இளமையிலேயே கற்றுத் தெளிந்த சைவ சித்தாந்தமே ஏற்ற அடித்தளமாக அமைகிறது. அத்தத்துவம் அவர் வாழ்வில் செயற்பட்ட விதத்தையும், அதன் செயற்பாடு முரண்பட்ட இடத்தையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடங்கேட்ட காலம்

நாகப்பட்டினத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். தந்தையார் மறைவினால் பள்ளிக்கல்வி இடையிலேயே நின்றது. பின்னர்ப் புத்தகக் கடை நடத்திவந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். சித்தாந்தத்தை அவருக்கு உணர்த்தியவர், வாதத்திறத்தால் சண்டமாருதம் எனப் பெயர்பெற்ற சோமசுந்தர நாயகர். 1897-இல் நல்லசாமிப் பிள்ளை தோற்றுவித்த சித்தாந்த தீபிகையின் தமிழ்ப்பதிப்புக்குச் சிலகாலம் ஆசிரியராக இருந்தார். 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1901-இல் நாயகர் மறைந்தபோது சோமசுந்தரக் காஞ்சி பாடினார். 1902-இல் ஞானசாகரம் இதழைத் தொடங்கினார். 1905-இல் சைவ சித்தாந்த மகாசமாசம் உருவாக முன்னின்றார். ஆசிரியரிடம் பெற்ற அறிவை இதழாலும் அமைப்பாலும் பொதுவுடைமையாக்கும் முயற்சியாக இவற்றைக் கொள்ளலாம்.

சார்பு என்னும் கோட்பாடு

மெய்கண்டாரின் சிவஞானபோதம் இறை, உயிர், தளை என்னும் முப்பொருளின் இயல்பைப் பன்னிரண்டு நூற்பாக்களில் நிறுவுகிறது. உயிர் தான் சார்ந்த பொருளின் இயல்பாகவே விளங்கும் என்பது இத்தத்துவத்தின் இன்றியமையாக் கருத்து. தளையைச் சார்ந்த உயிர் அறியாமையில் அழுந்தும். திருவருளைச் சார்ந்த உயிர் அதன் ஒளியில் நிற்கும். எனவே, எதனைச் சார்ந்து வாழ்வது என்னும் வினா அறிவாராய்ச்சியோடு முடிவதில்லை. அது நாள்தோறும் செயலால் விடைகாண வேண்டிய வினாவாகிறது.

வாழ்வில் தத்துவம்

பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாத நிலை உருவானதை அடுத்து, 1911-இல் அடிகள் கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். அவ்வாண்டே துறவு மேற்கொண்டார். ஆயினும் மனைவி மக்களைப் பிரிந்து செல்லவில்லை. துறத்தல் என்பது இடத்தை விடுதலன்று, பற்றை விடுதலே என்னும் கொள்கைக்கு அவர் இல்லம் சான்றாயிற்று. அங்கு அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பின்னர்ப் பொதுநிலைக் கழகமாயிற்று, வேதாசலம் மறைமலையானார், ஞானசாகரம் அறிவுக்கடலாயிற்று.

உடம்பும் கருவிகளும் உலகும் நுகர்பொருள்களும், உயிர் தன் மலம் நீங்கி உய்யுமாறு இறைவன் தந்தவை என்பது சித்தாந்தக் கொள்கை. உடலோம்புதல் ஆன்மிகக் கடமையாவது இதனாலேயே. மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை என்னும் நூலை அடிகள் எழுதியதைத் தத்துவத்திலிருந்து விலகிய மருத்துவ ஆர்வமாகக் கருத வேண்டியதில்லை. அக்கொள்கையின் விரிவாகவே அதனைக் காணலாம்.

முரண்பாடு

இறைவன் முன் உயிர்கள் யாவும் அருளுக்கு உரியவை. பிறப்பு வேறுபாடு உடம்பைச் சார்ந்தது, உயிரைச் சார்ந்ததன்று. இந்நோக்கிற்கு இசையச் சாதி வேற்றுமையும் போலிச் சைவரும் என்னும் நூலில் அடிகள் பிறப்புவழி உயர்வுதாழ்வைக் கண்டித்தார். 1931-இல் பொதுநிலைக் கழக ஆண்டுவிழாவில் கோயில் நுழைவு, கைம்பெண் மறுமணம், கலப்புமணம் ஆகியவற்றை ஆதரிக்கும் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன.

ஆனால் 1923-இல் வெளிவந்த வேளாளர் நாகரிகம், ஒரு குலத்தாரின் உழவையும் கொல்லாமையையும் தமிழ் நாகரிகத்தின் ஊற்றாக முன்னிறுத்துகிறது. உணவின் தூய்மை உயிரின் பக்குவத்திற்குத் துணை என்னும் கருத்து, இங்கு ஒரு குலத்தை மற்றவற்றினும் மேலாக வைக்கும் அளவுகோலாக மாறுகிறது. இவ்வகையில் சார்புக் கோட்பாட்டை இரு திசைகளில் செலுத்தலாம். யாவரும் நற்சார்பு பெறலாம் என்று கொண்டால் அது சமத்துவத்திற்கு வழிவகுக்கும். நற்சார்பு ஒரு குலத்தின் மரபுரிமை என்று கொண்டால் புதியதொரு படிநிலைக்கு இடந்தரும். அடிகளிடம் இவ்விரு போக்குகளும் உடன்நிலவின. பிந்தியதை மறைத்து முந்தியதை மட்டும் போற்றுவது ஆய்வு நெறியாகாது.

முடிவுரை

அடிகள் சித்தாந்தத்தை நூலறிவாக மட்டும் கொள்ளவில்லை; தொழில், இல்லம், உணவு, மொழி ஆகிய அனைத்திலும் அதன் விளைவுகளைத் தேடினார். அவர் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. தத்துவத்தை வாழ்வில் பொருத்துவோர் அதனைத் தம் சமூகச் சூழலினூடாகவே பொருத்துகின்றனர் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. ஆகவே, அவர்தம் தனித்தமிழ்க் கொள்கையையும் சமூகக் கருத்துகளையும் சித்தாந்தப் பின்னணியிலிருந்து பிரிக்காது ஒருங்கே ஆராய்வது பொருத்தமானதாகும்.