மொழிகளால் சமுதாயத்தை எழுப்பிய மேதை: அறிஞர் சித்தி லெப்பை (ரஹ்)

 

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று என்று திருமறையின் ரூம் அத்தியாயம் நமக்கு அறிவிக்கின்றது. ஆகவே ஒரு மொழியை வெறுப்பதும், அது அந்நியருடையது என்று ஒதுக்குவதும் ஓர் இறை நம்பிக்கையாளனுக்கு ஏற்ற பண்பாகாது. மதீனாவில் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் இளைஞரான ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து, அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் ஜைது (ரலி) அவர்கள் அதில் தேர்ச்சி பெற்றார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மகத்தான பணி ஒப்படைக்கப்பட்டதும் அதே ஜைது (ரலி) அவர்களிடம்தான். அந்நிய எழுத்தைக் கற்றதால் அவர்களது ஈமானுக்குக் குறைவு எதுவும் வந்துவிடவில்லை.

இவ்வளவு தெளிவான முன்மாதிரி இருந்தும், நமது சமுதாயம் வேற்று மொழிகளைக் கண்டு அஞ்சிப் பின்தங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சத்தைப் போக்கத் தம் வாழ்வையும் வருவாயையும் செலவிட்டவர்களுள் ஒருவர், இலங்கைத் திருநாட்டின் கண்டி மாநகரில் தோன்றிய முஹம்மது காசிம் சித்தி லெப்பை (ரஹ்) அவர்கள். கடல் ஒன்று இடையில் கிடந்தாலும், நம்மைப் போலத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வாழ்ந்த பெருமகன் ஆதலால், அன்னாரின் வரலாற்றை நமது ஜமாஅத்தார் அறிந்துகொள்வது நன்மை பயக்கும்.

பிறப்பும் கல்வியும்

சித்தி லெப்பை அவர்கள் 1838-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கண்டியில் பிறந்தார்கள். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி அப்போது 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆட்சி மாறியதோடு ஆட்சியின் மொழியும் மாறியிருந்தது. அன்னாரின் தந்தையார் முஹம்மது லெப்பை அவர்களும் சட்டத்தொழிலில் ஈடுபட்டவர்கள். எனவே புதிய காலத்தின் போக்கை அறிந்த குடும்பத்தில் அவர்கள் வளர்ந்தார்கள்.

வீட்டில் பேசிய மொழி தமிழ். மார்க்கத்தைக் கற்ற மொழி அரபு. சுற்றிலும் வாழ்ந்த மக்களின் மொழி சிங்களம். அரசாங்கமும் நீதிமன்றமும் இயங்கிய மொழி ஆங்கிலம். இந்த நான்கையும் சித்தி லெப்பை அவர்கள் கற்றுத் தேர்ந்தார்கள். கண்டியில் வாழ்ந்த வேறு பலருக்கும் இந்நான்கு மொழிகளும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் காதில் விழுவது வேறு, கருத்தூன்றிக் கற்பது வேறு. கேட்டதைக் கல்வியாக்கிக்கொண்டதே அன்னாரின் சிறப்பு.

1860-களில் அவர்கள் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார்கள். கண்டியில் நகரசபைப் பொறுப்புகளும் அன்னாரைத் தேடி வந்தன. நல்ல வருவாயும் அரசாங்கத்தில் மதிப்பும் இருந்தன. அத்துடன் அமைந்துவிட்டிருந்தால், வசதியாக வாழ்ந்து மறைந்த பல வழக்கறிஞர்களுள் ஒருவராகவே அவர்களும் இருந்திருப்பார்கள்.

சமுதாயத்தின் அன்றைய நிலை

அக்காலத்து இலங்கை முஸ்லிம்கள் வணிகத்தில் முன்னணியில் நின்றார்கள். ஆனால் ஆங்கிலக் கல்வியில் அவர்களுள் நாட்டம் கொண்டோர் மிகச் சிலரே. நிலப்பத்திரம், வழக்கு, அரசாங்க அறிவிப்பு என எது வந்தாலும் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலையில் பெரும்பாலோர் இருந்தார்கள்.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. ஆங்கிலம் கற்பித்த பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிமாரால் நடத்தப்பட்டவை. அங்கே எழுத்தோடு பைபிளும் கற்பிக்கப்பட்டது. பிள்ளையை அங்கு அனுப்பினால் மார்க்கத்தை இழந்துவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அச்சத்தின் காரணமாகப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவைத்ததன் விளைவு, ஒரு தலைமுறையே காலத்தின் பின்னால் தங்கிவிட்டது.

சித்தி லெப்பை அவர்களின் தீர்க்கதரிசனம் இவ்விடத்தில்தான் வெளிப்படுகின்றது. பெற்றோரின் அச்சத்தை அவர்கள் ஏளனம் செய்யவில்லை. பிள்ளைகளைக் கிடைத்த பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள் என்றும் வற்புறுத்தவில்லை. ஆங்கிலம் வேண்டும், அதோடு அரபும் மார்க்கமும் வேண்டும், இவையனைத்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும், அதற்குரிய பள்ளிக்கூடத்தைச் சமுதாயமே தன் பொருளால் எழுப்ப வேண்டும் என்பதே அன்னார் கண்ட வழி. மொழியை விலக்குவதை விட, அதைக் கற்கும் இடத்தைச் சீர்செய்வதே அறிவுடைமை என்று அவர்கள் கருதினார்கள்.

முஸ்லிம் நேசன்

இக்கருத்தை மக்களிடம் கொண்டு செல்ல அவர்கள் எடுத்த கருவி பத்திரிகை. 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர், ஆங்கிலக் கல்விக்காகவே வாதாடிய ஒருவர், தம் இதழைத் தமிழில் நடத்தினார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். மக்களின் உள்ளத்தைத் தொடுவது தாய்மொழியே. புதிய மொழியைக் கற்கும்படி அழைப்பதற்கும் தாய்மொழியில்தான் அழைக்க வேண்டும். அரபு நாடுகளின் செய்திகளும், துருக்கி, எகிப்து நிலவரங்களும், இந்தியச் செய்திகளும் அதன் வாயிலாகச் சாதாரண வணிகரின் கடைத் திண்ணையை எட்டின. பல மொழி அறிந்த ஒருவர், அவற்றை அறியாத ஆயிரவர்க்குச் சாளரமாக அமைந்தார்.

இதழ் தொடங்கிய சில வாரங்களுக்குள், வல்ல இறைவனின் நாட்டப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1882 செப்டம்பரில் தல்லுல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற எகிப்தியத் தலைவர் அஹ்மத் உராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். இலங்கை முஸ்லிம்கள் அவரை அன்புடன் வரவேற்றார்கள். அரபு அறிந்திருந்த சித்தி லெப்பை அவர்களுக்கும் பாஷாவுக்கும் நெருங்கிய நட்பு ஏற்பட்டது. அல்அஸ்ஹரில் பயின்றவரான பாஷா, நாடு கடத்தப்பட்ட நிலையிலும் இலங்கையில் ஆங்கிலம் கற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. தம்மைத் தோற்கடித்தவர்களின் மொழியாயிற்றே என்று அவர் அதை வெறுக்கவில்லை. அத்தகையவர் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகக் குரல் கொடுத்தபோது, மக்களிடம் அதற்குத் தனி மதிப்பு இருந்தது.

பள்ளிக்கூடம் எழுந்த வரலாறு

1884-ஆம் ஆண்டளவில் சித்தி லெப்பை அவர்கள் கண்டியில் நன்கு நடந்துவந்த வழக்கறிஞர் தொழிலை விட்டுக் கொழும்பில் குடியேறினார்கள். அங்கே முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. ஆனால் போதிய ஆதரவின்றி அது நிலைக்கவில்லை. கைப்பொருளைச் செலவிட்டு, தொழிலையும் துறந்து வந்தவருக்கு அது எத்தகைய சோதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் மனம் தளரவில்லை. எழுத்தாலும் பேச்சாலும் அழைப்பைத் தொடர்ந்தார்கள். அன்னாரின் முயற்சிக்குப் பின்னர்த் துணைநின்றவர்களுள் முதன்மையானவர் கட்டடக் கலைஞரும் செல்வருமான வாப்பிச்சி மரிக்கார் அவர்கள். கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தைக் கட்டியவரும் அவரே. இப்பெருமக்களின் கூட்டு முயற்சியால் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொழும்பு மருதானையில் ஒரு மதரஸா தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்று ஸாஹிராக் கல்லூரியாக விளங்குகின்றது. எட்டாண்டுகளுக்கு முன் தளர்ந்துபோன ஒரு முயற்சி, 130 ஆண்டுகளைக் கடந்தும் நிற்கும் கல்விக்கூடமாக மாறியது.

பெண் பிள்ளைகளின் கல்வியையும் அவர்கள் மறக்கவில்லை. பெண்கள் எழுத்தறிவு பெறுவதை ஊரார் விரும்பாத அந்நாளில், கண்டியில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தை அன்னாரின் சகோதரியாரே முன்னின்று நடத்தினார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவர் தம் வீட்டிலிருந்தே அதனைத் தொடங்கினார் என்பதற்கு இது சான்று.

நூல்கள்

1885-இல் சித்தி லெப்பை அவர்கள் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார்கள். தமிழின் முதல் நாவலாகிய வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்து ஆறே ஆண்டுகளான நேரம் அது. ஆகவே தமிழ் நாவல் வரிசையில் அசன்பே சரித்திரம் மிக முந்தியவற்றுள் ஒன்று. இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் என்றும் அதனை ஆய்வாளர்கள் போற்றுகின்றனர். எகிப்தில் பிறந்து, குழந்தையாகக் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து கல்வி பெற்று, மீண்டும் தன் நாட்டை அடையும் இளைஞன் ஒருவனின் கதை அது. எகிப்தும் பம்பாயும் கல்கத்தாவும் அக்கதையில் வருகின்றன. பல நாட்டையும் பல மொழியையும் அறிந்த உள்ளத்தில்தான் அப்படியொரு கதை தோன்ற முடியும்.

அரபு மொழியை எளிதாகக் கற்பிப்பதற்கான பாடநூல்களையும் அவர்கள் இயற்றினார்கள். 1892-இல் 'ஞானதீபம்' என்னும் இதழை வெளியிட்டார்கள். 1897-இல் 'அஸ்ராருல் ஆலம்' என்னும் ஞான நூலை எழுதினார்கள். நாவல் எழுதிய அதே கரம் அரபுப் பாடமும் எழுதியது, மெய்ஞ்ஞானமும் எழுதியது. ஆங்கிலம் கற்றோர் மார்க்கத்தை மறப்பர் என்று அஞ்சியோருக்கு அன்னாரின் வாழ்வே மறுமொழியாக அமைந்தது.

1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், அறுபது வயது நிறைவதற்குள் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இலங்கை அரசு 1977-இல் அன்னாரின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கண்டியில் அவர்கள் பெயரால் ஒரு கல்லூரியும் நடந்து வருகின்றது.

நமக்குரிய படிப்பினை

அக்காலத்தில் இத்தகைய சிந்தனை இலங்கையில் மட்டும் எழவில்லை. வடநாட்டில் ஸர் ஸய்யித் அஹ்மத் கான் அவர்கள் 1875-இல் அலிகரில் கல்விக்கூடம் கண்டார்கள். நமது தமிழகத்திலும் 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-இல் சென்னை இராயப்பேட்டையில் புதுக்கல்லூரியும் தோன்றின. இவை யாவும் சமுதாயம் தன் கைப்பொருளைக் கொடுத்து எழுப்பியவை.

இன்று நமது பாலவாக்கத்தின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நம் பள்ளிவாசலின் ஸஃப்புகளில் தமிழ் பேசுவோரும், உருது பேசுவோரும், மலையாளம் பேசுவோரும், பிழைப்புக்காக வடபுலத்திலிருந்து வந்து வங்காளமும் இந்தியும் பேசுவோரும் தோளோடு தோள் நிற்கின்றார்கள். ஸலாம் கூறிப் பிரிந்த பின் ஒருவரோடொருவர் இரண்டு வார்த்தை பேச மொழியில்லாமல் போய்விடுகின்றார்கள். கட்டட வேலைக்கு வந்த ஒரு சகோதரர் நோயுற்றால், அவருக்காக மருத்துவரிடம் பேச நம்மில் எத்தனை பேருக்கு இயலும்?

மற்றொரு நிலையும் கவலைக்குரியது. அன்று ஆங்கிலம் வேண்டாம் என்றனர். இன்றோ ஆங்கிலம் ஒன்றே போதும் என்கின்றனர். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்க இயலாதவர்களாக இருக்கின்றார்கள். திருக்குர்ஆனை அழகாக ஓதும் பிள்ளைக்கு, ஓதியதன் பொருளைத் தாய்மொழியில் படிக்கத் தெரியவில்லை. பாட்டனார் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத நிலை வருமாயின், அந்தக் குடும்பம் எதையோ இழந்துவிட்டது என்றே பொருள். சித்தி லெப்பை அவர்கள் ஒரு மொழியைப் பெறுவதற்காக மற்றொரு மொழியை விடவில்லை. நான்கையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றினார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் கூறிக்கொள்வது இதுதான். மக்தபுக்கு வரும் பிள்ளையின் பையில் அரபுப் பாடநூலோடு ஒரு தமிழ் நூலும் இருக்கட்டும். வீட்டில் உருது பேசுவோர் அதன் எழுத்தையும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கட்டும். ஆங்கிலத்தில் நன்கு தேறிய இளைஞர்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தை நம் பள்ளிவாசலுக்குத் தந்து, தங்கள் தம்பி தங்கைகளுக்குக் கற்பிக்கட்டும். வடபுலத்துச் சகோதரர்களுக்குத் தமிழ் கற்பிப்பதும் ஒரு தர்மமே. இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மனமும் சிறிது நேரமும் போதும். வயது கடந்துவிட்டது என்று பெரியவர்களும் ஒதுங்க வேண்டாம். நாடு கடத்தப்பட்டு நடுவயதில் வந்த உராபி பாஷா ஆங்கிலம் கற்கவில்லையா?

வல்ல ரஹ்மான் அறிஞர் சித்தி லெப்பை அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. நமக்கும் நம் சந்ததியினருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.