சிங்கரும் அம்மாவின் கை மெஷினும்

மலருக்கு ஒரு சாதனையாளரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எடிசனும் ஐன்ஸ்டீனும் வருஷா வருஷம் வந்துவிடுகிறார்கள். அதனால் எங்கள் வீட்டுத் திண்ணையில், கறுப்பு இரும்பின் மேல் தங்க எழுத்தில் பாதி அழிந்து கிடக்கும் பெயருக்குச் சொந்தக்காரரைப் பற்றி எழுதுகிறேன். ஐசக் மெரிட் சிங்கர்!

1811 அக்டோபர் 27இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். மெக்கானிக் வேலை பழகினாலும் மனசெல்லாம் நாடகத்தில்தான். 1839இல் பாறை துளைக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து 2000 டாலருக்கு விற்றார். அந்தப் பணத்தில் நாடகக் கம்பெனி வைத்து எல்லாவற்றையும் தொலைத்தார்! அடுத்து மர எழுத்து செதுக்கும் மெஷின் செய்தார். பாய்லர் வெடித்ததில் அதுவும் போச்சு.

1850இல் பாஸ்டன் நகரில் ஒரு பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே தையல் மெஷின்கள் ரிப்பேருக்கு வந்தபடி இருந்தன. அவற்றில் ஷட்டில் வட்டமாகச் சுற்றியதால் நூல் முறுக்கிக்கொண்டது. ஷட்டில் முன்னும் பின்னும் போகட்டும், ஊசி நேராக மேலும் கீழும் இறங்கட்டும், துணி பலகை மேல் படுக்கட்டும் என்றார் சிங்கர். 40 டாலர் கடன், 11 நாள் உழைப்பு. மெஷினை ஓட்டிப் பார்த்தால் தையல் இறுகவே இல்லை. நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. நள்ளிரவில் மனசு ஒடிந்து திரும்பும் வழியில்தான் ஊசி நூலின் டென்ஷனைச் சரிசெய்ய மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினார், தையல் விழுந்தது. 1851 ஆகஸ்ட் 12இல் பேடன்ட் கிடைத்தது.

இந்தக் கதையை நூலகத்தில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால்...

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது அப்பாவின் தேங்காய் உரிக்கும் வேலையும் சாய்ந்தது. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, பட்டுக்கோட்டையில் பழைய கை மெஷின் ஒன்றை வாங்கினார். சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மடிப்புத் துணியில் தைத்துப் பார்த்துத்தான் காசைக் கொடுத்தார். எண்ணெய் போட்டுத் துணி சுற்றி வைப்பார். அதில்தான் எனக்கு டிப்ளமோ பீஸ்.

போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது துணிக்கு அடியில் நூல் சுருண்டு விழ ஆரம்பித்தது. குவிந்து கிடந்தது ஜாக்கெட் துணி. பார்த்த ஒருவர் ஷட்டிலையே மாற்றணும், 600 ரூபாய் ஆகும் என்றார். அம்மா பேசவே இல்லை. எனக்கு சிங்கரின் நள்ளிரவு ஞாபகம் வந்தது. பிரஷர் காலைத் தூக்கி, டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே மண்ணெண்ணெய் நனைத்த துணியை விட்டுத் துடைத்தேன். உள்ளேயிருந்து ஒரு விரல் பஞ்சு வந்தது! ஸ்குரூவைக் கால் சுற்று இறுக்கினேன். தையல் விழுந்தது. முதல் தலைமுறையாகப் படிப்பதில் எனக்குக் கிடைத்த முதல் மார்க் அதுதான்.

ஆனால் சிங்கர் உத்தமர் என்று சொல்ல மாட்டேன். மனைவி தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் இதைச் செய்தார் என்று காந்தியடிகள் நம்பினார். இயந்திரங்களை எதிர்த்த அவரே தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். சிங்கரோ காசுக்காகச் செய்தவர். ஒரே சமயத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கும் மேல் பிள்ளைகள்! ஊசி முனையில் துளை வைத்த மெஷினுக்கு 1846லேயே பேடன்ட் வாங்கிய எலியாஸ் ஹோவுக்கு, கோர்ட்டில் தோற்ற பிறகே பணம் கொடுத்தார். ஆனாலும் அவர் கம்பெனி 1850களிலேயே தவணையில் மெஷின் விற்றது. ஏழை வீட்டுக்குள் மெஷின் நுழைந்தது அந்த வழியாகத்தானே! இங்கிலாந்தில் கட்டிய மாளிகை முடியும் முன்பே 1875 ஜூலை 23இல் இறந்தார்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்த மனைவிமார்கள் யார் மெஷினில் தைத்தார்களோ என்றார்.

இப்போது கைப்பிடி மரம் ஆடுகிறது. ஒர்க்‌ஷாப் லேத்தில் புதிதாக ஒன்று கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சாரிடம்தான் இன்னும் கேட்கவில்லை!