தாத்தாவின் இழைப்புளியும் விட்வொர்த்தின் மூன்று தகடுகளும்

மரச்சிற்பத்துக்குப் பேர்போன அரும்பாவூர் பக்கம்தான் எங்க ஊர். அங்க வீட்டுப் பரணில் தாத்தாவோட இரும்பு இழைப்புளி துருப்பிடிச்சுக் கிடந்தது. போன லீவில் கண்ணாடி மேல உப்புத்தாளை ஒட்டி அதோட அடிப்பக்கத்தைத் தேய்ச்சேன். ஸ்கேலை வெச்சுப் பார்த்தா ரெண்டு முனையும் இறங்கியிருந்தது, அடியில வெளிச்சம் தெரியுது. காரணம் தேடினப்போ ஜோசப் விட்வொர்த் கிடைச்சார்.

பழைய போல்ட்டுகளில் பி.எஸ்.டபிள்யூ. மரைன்னு படிச்சிருப்போமே, அதில் வர்ற 'டபிள்யூ' இவர்தான். 1803ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். அப்பா ஆசிரியர். டீன் ஏஜிலேயே பையனை உறவினரோட பஞ்சாலைக்கு அனுப்பினாங்க. பையனுக்கோ ஆலையை விட அதிலிருந்த இயந்திரங்கள் மேலதான் கண்ணு. மான்செஸ்டருக்குப் போய் மெக்கானிக் ஆனார். 1825ல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் சேர்ந்தார். 1833ல் மான்செஸ்டர் திரும்பி சொந்தப் பட்டறை போட்டார்.

1840ல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசிச்சார். உலோகத்தில் நிஜமான சமதளம் எப்படி வரும் என்பதுதான் விஷயம். ரெண்டு தகடுகளை ஒண்ணோடொண்ணு பொருத்தினா மட்டும் போதாது. ஆட்டுக்கல்லில் குழியும் குழவியும் கூடத்தான் பொருந்துது, எது தட்டை? அதனால மூணு தகடு வேணும். எந்த ரெண்டை எடுத்தாலும், எப்படித் திருப்பி வெச்சாலும் முழுசா ஒட்டணும்னா மூணுமே தட்டையா இருந்தாதான் முடியும். அளவுகோலே இல்லாம அளவுகோலைப் பிறக்க வைக்கிற வழி! மாட்ஸ்லே பட்டறையிலேயே சமதளத் தகடுகள் புழக்கத்தில் இருந்தது, அதனால மொத்தப் பெருமையையும் இவருக்கே கொடுக்க எனக்கு மனசு வரல.

என் தப்பும் அந்தக் கட்டுரையில் இருக்கு. எமரிப் பொடி போட்டுத் தேய்க்காதீங்க என்கிறார். பொடி எல்லா இடத்திலும் சமமா நிற்காது, எங்க எவ்வளவு தேயணும்கிறது நம்ம கையிலயும் இல்லை. சாயம் தடவி, தகட்டில் வெச்சு, சாயம் ஒட்டின மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டணும்.

1841ல் எல்லாப் பட்டறைக்கும் ஒரே மரைன்னு 55 டிகிரியை முன்வெச்சார். அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கிற கருவி செஞ்சார். அறுகோணத் துளைத் துப்பாக்கியும் செஞ்சார். அதை ராணுவத்தின் பொதுத் துப்பாக்கியா அரசு ஏத்துக்கல. 1868ல், பட்டறையில் கை அழுக்கான பசங்களும் மேல படிக்கணும்னு உதவித்தொகை ஏற்படுத்தினார். இன்னைக்கும் கொடுக்கிறாங்க. 1887 ஜனவரியில் மான்டே கார்லோவில் இறந்தார்.

இழைப்புளி இப்போ எங்க ஃபிட்டிங் ஷாப் சர்ஃபேஸ் பிளேட் மேல இருக்கு. நீலச் சாயம் நடுவில் மட்டும்தான் ஒட்டுது. மூணு நாளா சுரண்டறேன்.