படைவீரர் குடும்பம் காத்த அம்மையார்

கைவிளக்கேந்திய மங்கை என உலகம் போற்றும் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், 1820-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடியிற் பிறந்தார். கிரிமியப் போரின்போது, 1854-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், செவிலியர் 38 பேருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார்.

அங்கே வீரர்களின் உடற்புண்ணை மட்டுமன்றி உள்ளப்புண்ணையும் அவர் கண்டார். கடலுக்கு அப்பால் வாழும் மனைவி மக்களின் நினைவு அவர்களை வாட்டியது. இறந்த வீரரின் இல்லத்தார்க்கு அம்மையார் தம் கையாலேயே ஆறுதல் மடல்கள் வரைந்தார்.

வீரர் பலர் சம்பளத்தைக் குடியில் அழித்துவந்தனர். அவர்கள் வீட்டை நினைத்துப் பணம் அனுப்பமாட்டார்கள் என்று மேலதிகாரிகள் இகழ்ந்தனர். அனுப்புதற்கு எளிய வழி இல்லாமையே குறை என்று அம்மையார் உணர்ந்தார். வாரந்தோறும் ஒரு பிற்பகல் தம் அறையில் அமர்ந்து, வீரர் கொணர்ந்த பணத்தைப் பெற்று, இங்கிலாந்திலிருந்த தம் உறவினர் வாயிலாக அவரவர் குடும்பத்தினரிடம் சேர்ப்பித்தார். திங்கள்தோறும் ஏறத்தாழ 1,000 பவுன் சேர்ந்தது. பின்னர் அரசே மணியார்டர் நிலையங்களைத் திறந்தது. ஆறு திங்களில் 71,000 பவுன் வீரர்தம் இல்லங்களுக்குச் சென்றது. இகழ்ந்தோர் வாயடைத்தனர்.

1910-ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தார். மனிதரின் நற்குணத்தை நம்பி, அது செயற்பட வழி திறந்துவிடுதலும் சிறந்த தொண்டே என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.