கொல்லிமலை வளைவும் வால்நட்சத்திரமும்: தமிழ்நாட்டு மலையில் வானத்தை அளந்த வைணு பாப்பு யார்?

சேந்தமங்கலத்துல இருந்து காரவள்ளி வழியா கொல்லிமலைக்கு பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் யாரோ நம்மளை வெளிப்பக்கமா தள்ளுற மாதிரி இருக்கும். உண்மையில யாரும் தள்ளுறதில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது. பஸ்தான் அதை உள்பக்கமா இழுத்துத் திருப்புகிறது. நியூட்டனின் முதல் விதி சொல்வது இதைத்தான்: வெளியில் இருந்து ஒரு விசை வராதவரை, ஓடுற பொருள் நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடிக்கிட்டே இருக்கும்.

இதே விதிப்படி ஓடும் ஒரு வால்நட்சத்திரத்துக்கு இந்தியர் ஒருத்தரோட பேரும் இருக்கு. அவர்தான் வைணு பாப்பு. இந்திய நவீன வானியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

சென்னையில் பிறப்பு, ஹைதராபாத்தில் படிப்பு

1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார் வைணு பாப்பு. குடும்பத்தின் பூர்வீகம் கேரளா. அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால சின்ன வயசுலயே தொலைநோக்கி பழகிப்போனது. நிஜாம் கல்லூரியில் படித்துவிட்டு, உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

22 வயதுக்குள் ஒரு வால்நட்சத்திரம்

1949 ஜூலை 2. ஹார்வர்டு தொலைநோக்கி எடுத்த புகைப்படத் தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார் பாப்பு. பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் நியூகிர்க் ஆகியோரும் இந்தக் கண்டுபிடிப்பில் சேர்ந்தார்கள். மூவர் பெயரும் சேர்த்து அதுக்கு பாப்பு–போக்–நியூகிர்க் என்று பெயர் வந்தது. அதே ஆண்டு பசிபிக் வானியல் சங்கத்தின் டான்ஹோ பதக்கமும் கிடைத்தது.

அது சூரியனை ஒரு தடவை சுற்றிவர சுமார் 60,000 ஆண்டுகள் ஆகும். எப்படி இவ்வளவு நீளமான பாதை? வால்நட்சத்திரம் நேராகப் போகப் பார்க்குது. சூரியனின் ஈர்ப்பு விசை அதைத் தன் பக்கம் இழுக்குது. இந்த இரண்டும் சேரும்போது பாதை வளைந்து, நீண்ட முட்டை வடிவமாகிறது. சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது வேகம் கூடும். தூரமா போகப் போக வேகம் குறைந்துகொண்டே வரும். வாழ்நாளில் பெரும்பகுதியை அது மெதுவாக, தொலைதூர இருட்டிலேயே கழிப்பதற்குக் காரணம் இதுதான்.

நட்சத்திரத்தின் தூரத்தை எப்படி அளப்பது?

1952-ல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, அடுத்து கலிஃபோர்னியா போனார். அங்க ஒலின் வில்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து செய்த ஆய்வு 1957-ல் வெளியானது. இன்றைக்கும் அது வில்சன்–பாப்பு விளைவு என்றே பாடப்புத்தகங்களில் இருக்கு.

விஷயம் இதுதான். தூரத்துல ஒரு பல்பு மங்கலா தெரியுது. அது பக்கத்தில் உள்ள சின்ன பல்பா, தொலைவில் உள்ள பெரிய பல்பா என்று பார்த்தவுடனே சொல்ல முடியாது. ஆனா அது எத்தனை வாட் என்று தெரிந்துவிட்டால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். சூரியன் மாதிரி, அல்லது அதைவிடக் குளிர்ச்சியான நட்சத்திரங்களின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், கால்சியம் உண்டாக்கும் ஒரு கோடு தெரியும். அதன் நடுவில் உள்ள ஒளிக்கீற்று எவ்வளவு அகலமோ, அந்த நட்சத்திரம் உண்மையில் அவ்வளவு பிரகாசம் என்று இருவரும் கண்டார்கள். அதாவது, நட்சத்திரத்தின் வாட் அளவைப் படிக்க ஒரு வழி கிடைத்தது.

ஏன் திரும்பி வந்தார்?

அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் உலகின் பெரிய தொலைநோக்கிகள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கும். ஆனா பாப்பு இந்தியா திரும்பினார். முதலில் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்தை நைனிடாலில் நிலைநிறுத்தினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானல் சூரியனை ஆராயப் பேர்பெற்ற இடம். ஆனா மேகமும் மூடுபனியும் அதிகம் என்பதால் இரவு வானத்துக்கு வேறு இடம் தேவைப்பட்டது. தேடிக் கண்டுபிடித்த இடம், வாணியம்பாடி அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானின் பெரும்பகுதியும் தெரியும்.

1968-ல் வெறும் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தில், கோள் வருவதற்கு முன்பே அந்த ஒளி மங்கி மங்கித் தெரிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்த அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பார்க்காமல் போன கனவு

அடுத்து பாப்பு கேட்டது, இந்தியாவிலேயே கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி. மனிதக் கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி அது. வாங்கிவிட்டால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனா நாமே கட்டினால்தான் நம் ஆட்களுக்குத் தொழில் பழகும் என்பது அவர் கணக்கு. கண்ணாடி பெங்களூருவில் தீட்டி மெருகேற்றப்பட்டது. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வது போலத் தெரியும். அதே வேகத்தில் அதே திசையில் இத்தனை பெரிய எடையும் அதிராமல் திரும்பணும். வருஷங்கள் ஓடின.

இதற்கிடையே 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1981-ல் பத்ம பூஷண். 1982 ஆகஸ்ட் 19 அன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 55. தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை.

1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

நீங்களும் பார்க்கலாம்

காவலூரைத் தேர்ந்தெடுக்கக் காரணமான அந்த வசதி சேந்தமங்கலத்துக்கும் உண்டு. மே மாதம் நடுவில் இரவு 9 மணி வாக்கில், தெரு விளக்கு இல்லாத இடத்தில் நின்று தெற்கே பாருங்க. கையை நீட்டி முஷ்டி மடக்கினால், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு முஷ்டி உயரத்தில் நான்கு நட்சத்திரங்கள் சிலுவை வடிவில் இருக்கும். அதுதான் தெற்குச் சிலுவை. டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டியே நிற்கும், கண்ணில் படுவதே கஷ்டம். இங்க தொலைநோக்கியே வேண்டாம். இருட்டு மட்டும் இருந்தால் போதும்.