தொரப்பள்ளியின் சம்பந்தியம்மாள்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்குப் போகிறவர்கள், இராஜாஜி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த வீட்டுக்கு ஒரு சம்பந்தியம்மாள் உண்டே, அவரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? இராஜாஜியின் மகள் இலட்சுமி 1933 ஜூன் 16ஆம் நாள் பூனாவில் தேவதாசை மணந்தார். அந்தத் தேவதாசைப் பெற்ற தாய் கஸ்தூரிபா.

தமிழ்ப் பெண், குஜராத்திப் பிள்ளை. சாதியும் வேறு, மொழியும் வேறு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் குடியிருக்கும் நம் எல்லைப் பகுதித் தோழர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. ஆனால் அந்த நாளில் அது துணிவு. அந்தச் சம்பந்தத்தால் வந்த பேரக்குழந்தைகளில் மூவரைக் கஸ்தூரிபா கண்ணாரக் கண்டார். நான்காவது பேரன் பிறந்தபோது பாட்டி இல்லை.

கஸ்தூரிபா என்றதும் நாம் என்ன சொல்கிறோம்? கணவருக்கு நிழலாக நடந்தவர், பொறுமையின் வடிவம் என்று மேடையில் பேசிவிட்டு இறங்குகிறோம். அந்த அம்மையாருக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. அவர் நிழலல்லர், நேருக்கு நேர் நின்று வழக்காடியவர்.

போர்பந்தரில் வணிகர் வீட்டில் 1869இல் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் திருமணம். மணமகனுக்கும் ஏறக்குறைய அதே வயது. தன் உத்தரவின்றி வெளியே போகக்கூடாது என்று அந்தச் சிறுவன் கட்டளையிட்டான். அந்தச் சிறுமி கோயிலுக்கும் தோழியர் வீட்டுக்கும் நினைத்தபோது போய்வந்தாள். கட்டளை காற்றில் போயிற்று!

1898இல் டர்பனில் நடந்ததை நாம் மறைக்கப் போவதில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கிறித்தவ எழுத்தர் ஒருவர் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய மலச்சட்டியை எடுக்க அம்மையார் மனம் கூசினார். அது அவர் பிறந்த சமூகம் ஊட்டிய நஞ்சு. ஆனால் கணவரோ, முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று அதட்டி, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றார். கடல் கடந்த நாட்டில் எங்கே போவேன், வெட்கமில்லையா, கதவைச் சாத்துங்கள் என்று அந்தப் பெண் கேட்டார். வெட்கித் தலைகுனிந்தவர் காந்தியார். தம் வரலாற்றில் தாமே அதை எழுதி வைத்தார். அம்மையாரும் அந்தக் கூச்சத்தோடேயே நின்றுவிடவில்லை. 1915இல் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்று ஆசிரமத்துக்கு வந்தபோது முதலில் முகம் சுளித்தவர், காலப்போக்கில் அந்த வீட்டுக் குழந்தையைத் தம் குழந்தையாக ஏற்றார்.

1901இல் நடந்த வழக்கு இன்னும் பெரிது. தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோது மக்கள் பரிசுகளைக் குவித்தார்கள். அம்மையாருக்கென்றே ஐம்பது கினி பெறுமானமுள்ள தங்கச் சங்கிலி. எல்லாவற்றையும் பொதுநிதிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார் கணவர். அம்மையார் ஒப்பவில்லை. நீங்கள் ஊருக்குச் செய்த ஊழியம் நான் செய்த ஊழியமும் அல்லவா, வந்தவர் போனவருக்கெல்லாம் இரவு பகலாக உழைத்தது ஊழியமாகாதா என்று கேட்டார். சங்கிலி கடைசியில் பொதுநிதிக்குத்தான் போயிற்று. ஆனால் கேள்வி போகவில்லை.

தோழர்களே! எட்டுமணி நேர வேலைக்கும், மிகைநேரக் கூலிக்கும், போனசுக்கும் கொடி பிடிக்கிறவர்கள் நாம். உழைப்புக்கு விலை உண்டு என்பது நம் முதற்பாடம். அந்தப் பாடத்தை வீட்டு அடுப்படியிலிருந்து எழுப்பிக் காட்டினார் அந்த அம்மையார். அடுப்படிக்குச் சங்கு ஊதுவதில்லை; ஷிப்டு மாறுவதில்லை!

வீட்டில் வழக்காடத் தெரிந்தவருக்கு அரசாங்கத்திடம் அச்சமேது? 1913 மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு தென்னாப்பிரிக்காவில் வந்தது. நம் பெண்களெல்லாம் மனைவியர் அல்லர் என்றாயிற்று. செப்டம்பரில் எல்லையைக் கடந்து கைதானார் கஸ்தூரிபா. மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். இன்னொரு பக்கம், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே அடங்கிய ஒரு குழு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தக் கூலிகளின் தலையில் சுமத்திய மூன்று பவுன் வரி ஒழியும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளரை அழைத்தது. சுரங்கங்கள் நின்றன. 1914இல் அந்த வரி ஒழிந்தது, திருமணங்களும் செல்லுபடியாயின. தில்லையாடி வள்ளியம்மை, பதினாறு வயதுப் பெண், அதே மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, வெளிவந்த சில நாட்களில் உயிர் நீத்தாள். அந்த நாள் 1914 பிப்ரவரி 22.

இந்தியா திரும்பிய பிறகும் போராட்டம், சிறை. இடையே குடும்பத்தின் சுமை. மூத்த மகன் அரிலால் தந்தையோடு முரண்பட்டுக் குடியில் வீழ்ந்தார். 1918இல் மருமகள் மறைந்தாள். தாயற்ற பேரக்குழந்தைகளுக்குப் பாட்டியே தாயானார். ஒருமுறை கட்னி ரயில் நிலையத்தில் கந்தல் உடையோடு வந்த அரிலால், கூட்டம் தந்தைக்கு வாழ்த்துச் சொல்ல, தாய்க்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீட்டினார் என்பார்கள். உலகம் போற்றும் தலைவரின் வீட்டிலும் ஒரு தாய்க்கு ஆறாத புண் இருந்தது.

1942 ஆகஸ்ட் 9ஆம் நாள் பம்பாயில் காந்தியார் கைதானார். சிவாஜி பூங்காக் கூட்டத்தில் யார் பேசுவது? நான் பேசுகிறேன் என்றார் எழுபத்து மூன்று வயதுப் பாட்டி. கூட்டத்துக்குப் போகுமுன் கைது. பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் அந்த வயதிலும் எழுத்தும் பூகோளமும் கற்றார், கேரம் ஆடினார். 1944 பிப்ரவரி 22ஆம் நாள் மாலை, கணவரின் மடியில் உயிர் பிரிந்தது. வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பது ஆண்டுகள், அதே நாள்! காந்தியார் நூற்ற நூலில் நெய்த சேலையே அவருக்கு இறுதி உடையாயிற்று.

மக்கள் தந்த நிதியில் கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளை எழுந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணியை மேற்கொண்டவர் டாக்டர் சௌந்தரம். நம் ஓசூர்த் தோழர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் டி.வி.எஸ். என்ற பெயருக்குரிய சுந்தரம் அய்யங்காரின் மகள் அவர். காந்திகிராமத்தில் கஸ்தூரிபா பெயரில் இன்றும் மருத்துவமனை இருக்கிறது.

அறப்போரின் முதற்பாடத்தைத் தம் மனைவியிடமே கற்றதாகக் காந்தியார் ஒப்புக்கொண்டார். நாம் ஒப்புக்கொள்கிறோமா? விடியுமுன் சமைத்து வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கிறாள் நம் வீட்டுப் பெண். ஷிப்டு முடிந்து வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறாள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் வாய்த்துடுக்கு என்கிறோம். சங்கக் கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி போட மறக்கிறோம். கஸ்தூரிபா படத்துக்கு மாலை போடுமுன், இன்றிரவு வீட்டில் அவள் கேட்கும் கேள்விக்குக் காது கொடுப்போம். தொரப்பள்ளியின் சம்பந்தியம்மாளுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.