காது கேளாத கைதட்டல்

தம்பி! நியூயார்க்கில் 1911-ல், குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார் பெர்னார்டு ஹெர்மன். இசையே அவர் தொழில். தன்மானமே அவர் முதல்!

1951-ல் வேற்றுலகத்தான் மண்ணில் இறங்கும் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படம். வழக்கமான வயலின் கூட்டமா? இல்லை! கை படாமலே பாடும் தெரமின் கருவிகள் இரண்டு!

1966-ல் ஹிட்ச்காக் படத்துக்குச் சந்தை மெட்டு கேட்டனர். மறுத்தார். வேலை போயிற்று, முதுகு வளையவில்லை!

1975-ல் மறைந்தார். அந்த 1951 இசையின் மூலப்பதிவு தட்டாக வந்ததோ 1993-ல்! இன்று, இத்தனைதான் என்று எண்ணி அச்சிடும் பழைய அறிவியல் படத் தட்டுகளை அன்பர்கள் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள்.

சேர்ப்பவரைப் போற்றுவோம். ஆனால், உழைத்தவன் காது கேட்கும்போதே கைதட்டக் கூடாதா, தோழனே?